பார்வை கூடவில்லை என்று கிளாக்கோமா சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

ஆறு மாதமாகச் சொட்டு மருந்து விட்டும் பார்வை கூடவில்லை, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். என் அப்பாவும் இதைத்தான் கேட்டார். பதில் வருவதற்குள் நிறுத்தியும் விட்டார்.

பாம்பனில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கண்ணில் வலியோ சிவப்போ கிடையாது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், "புரையாக இருக்கும், முற்றட்டும், எடுத்துவிடலாம்" என்றார்கள். புரை என்றால் எடுத்தபின் பார்வை திரும்பும். இது கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. அழிந்தது மீளாது, மருந்து மிச்சத்தைக் காக்கும், அவ்வளவுதான். 16-இல் நின்றிருந்த அழுத்தம், மூன்று மாதம் மருந்தில்லாமல் இருந்ததில் 29 ஆகிவிட்டது. பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு என்பார்கள். அதற்குள் இடப்பக்கமிருந்து யாராவது கயிற்றை வீசினால் அவர் கை அதைத் தேடத் தொடங்கியிருந்தது.

அவருக்கு எழுதிக்கொடுத்தது லாட்டனோபிராஸ்ட், இரவில் ஒரு சொட்டு. இரவுத் தொழிலுக்குப் போகிறவர் படகில் எப்படி விடுவார்? மருத்துவரிடம் கேட்டு, கிளம்பும் முன் மாலையிலேயே விடும்படி மாற்றிக்கொண்டோம். பிரிக்காத குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பிரித்தபின் 25 டிகிரி வரை தாங்கும் என்று எங்கள் பெட்டியில் அச்சிட்டிருந்தது. எங்கள் ஊர் வெயிலில் அந்த 25-க்கு எங்கே போவது? அதனால் பிரித்ததையும் குளிர்பெட்டிக் கதவிலேயே, மீன் வாடையோடு, வைத்திருக்கிறோம். அதிலும் ஒரு வசதி: சில்லென்று இருப்பதால் சொட்டு கண்ணில் விழுந்ததா, கன்னத்தில் விழுந்ததா என்று உடனே தெரியும்.

முன்பெல்லாம் பாதி கன்னத்தில்தான் வழியும். இப்போது கட்டிலில் மல்லாந்து படுத்து, கீழ் இமையைப் பை போல இழுத்து, குப்பி பிடித்த கையை நெற்றியில் ஊன்றி விடுகிறார். ஒரு சொட்டு போதும். கண்ணில் அதற்குமேல் இடமில்லை. பிறகு கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியே இறங்கி இரத்தத்தில் கலக்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

கண்ணில் விடுவது உடம்பை என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். அழுத்தம் ஏறியபின் டிமோலால் என்ற இன்னொரு சொட்டு மருந்தையும் சேர்த்தார்கள். இரண்டாம் நாளே அப்பாவுக்கு மூச்சிரைத்தது. பழைய இளைப்பு நோயை நாங்கள் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. சொன்னதும் வேறு மருந்து கொடுத்தார்கள். ஆஸ்துமா, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது குப்பியையும் கொண்டுபோய், நீங்கள் எப்படி விடுகிறீர்கள் என்று அங்கேயே ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்கள்.