டெக்நெட் வலைகளை இணைத்தல்: கேள்வி பதில்

டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பழைய வேக்ஸ், பிடிபி-11 கணினிகளையோ அவற்றின் எமுலேட்டர்களையோ கொண்டு, அந்நிறுவனத்தின் வலை நெறிமுறையான டெக்நெட் ஃபேஸ் 4இல் வலை அமைத்திருப்பவர்கள், வேறொரு குழுவின் வலையோடு அதை இணைப்பது பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: எங்களிடம் ஐந்து கணினிகள் கொண்ட ஒரு வலை உள்ளது, நண்பர்களிடம் அதே போன்ற இன்னொன்று உள்ளது. இரண்டையும் இணைக்க முதலில் என்ன வாங்க வேண்டும்?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் இரு தரப்பும் உட்கார்ந்து எண்களைப் பேசி முடித்துவிடுங்கள். டெக்நெட் ஃபேஸ் 4 முகவரி வெறும் 16 பிட் கொண்டது; அதில் 6 பிட் ஏரியாவுக்கும் (வலையின் ஒரு பகுதி) 10 பிட் நோடுக்கும் (அதிலுள்ள ஒரு கணினி) போய்விடுவதால், 1 முதல் 63 வரை ஏரியாக்களும், ஒவ்வொன்றிலும் 1 முதல் 1023 வரை நோடுகளும் மட்டுமே கிடைக்கும். புதிதாகத் தொடங்கும் எவரும் 1.1, 1.2 என்றே எண் கொடுப்பதால், இணைய வரும் இரண்டு வலைகளிலும் ஒரு 1.1 இருக்கும் என்று கருதிக்கொண்டே வேலையைத் தொடங்குவது நல்லது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டெக்நெட் இயங்கத் தொடங்கும்போது ஈதர்நெட் அட்டையின் முகவரியையே தன் எண்ணுக்கேற்ப மாற்றிவிடும். எடுத்துக்காட்டாக 1.13 என்ற நோடுக்கு 1×1024+13 என்று கணக்கிட்டால் 1037 வருகிறது. அதைப் பதினாறடிமான எண்ணாக்கி, கீழ் பைட்டை முன்னால் வைத்தால் ஏஏ-00-04-00-0டி-04 என்ற முகவரி உருவாகிறது. ஆகவே ஒரே எண்ணுள்ள இரண்டு கணினிகள் பிரிட்ஜ் (இரண்டு ஈதர்நெட்டுகளை ஒன்றாக்கும் இணைப்பு) வழியாகச் சந்தித்தால், ஸ்விட்சுக்கு அவை ஒரே கணினியாகவே தெரியும். நான் முதன்முறை இரண்டு வலைகளை இணைத்தபோது இதுதான் நடந்தது: உள்நுழைவேன், சற்று நேரம் நன்றாக ஓடும், பிறகு திரை அப்படியே உறைந்துவிடும். இரண்டு மாலை நேரங்களைக் கேபிளைச் சந்தேகித்தே கழித்தேன். ஸ்விட்சின் முகவரி அட்டவணையைத் திறந்து பார்த்தபோதுதான், ஒரே முகவரி மூன்றாம் போர்ட்டுக்கும் ஏழாம் போர்ட்டுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது தெரிந்தது.

கேள்வி: எண்ணை மாற்ற இரு தரப்பும் தயங்கினால் வேறு வழி உண்டா?

பதில்: தயக்கம் நியாயமானதே. வேக்ஸ் கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் கணினிக் கூட்டம்) வைத்திருப்பவர் டெக்நெட் எண்ணை மாற்றினால் எஸ்.சி.எஸ்.சிஸ்டம்.ஐ.டி. என்ற அளவுருவையும் மாற்றி, கிளஸ்டர் முழுவதையும் நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கும். இதே நெருக்கடி 1980களிலேயே வந்தது. நாசாவின் ஸ்பேன் வலையும் உயர் ஆற்றல் இயற்பியலாளர்களின் ஹெப்நெட் வலையும் ஒரே முகவரி வெளியைப் பகிர்ந்துகொண்டதால் 63 ஏரியாக்கள் போதவில்லை. அப்போது கைக்கொண்ட வழிதான் மறைவு ஏரியா. சில ஏரியா எண்களைப் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டு, அவற்றைப் பற்றிய அறிவிப்பு எல்லை ரவுட்டரைத் தாண்டாதபடி வடிகட்டிவிடுவார்கள். மறைவு ஏரியாவுக்குள் இருக்கும் கணினியை வெளியிலிருந்து நேரடியாக அடைய முடியாது. எல்லையில் நிற்கும் நோடின் பெயரை முதலிலும் உள் நோடின் பெயரை அடுத்தும், ஒவ்வொன்றின் பின்னும் இரட்டை முக்காற்புள்ளி இட்டுக் கோர்த்து எழுத வேண்டும். இதை ‘ஏழையின் ரவுட்டிங்’ என்பார்கள். கோப்புகளுக்கும் அஞ்சலுக்கும் இது போதுமானது. ஆயினும் ஐந்து கணினிகள்தான் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி எண்களை மாற்றிவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பிரிட்ஜா, ரவுட்டரா?

பதில்: ரவுட்டர். பிரிட்ஜ் இரண்டு வீடுகளின் ஈதர்நெட்டை ஒன்றாக்கிவிடுவதால் ஒரு வீட்டின் கோளாறு மறு வீட்டுக்கும் போகும். லேட் (LAT) என்னும் நெறிமுறையில் முனையங்களைக் கணினிகளோடு இணைக்கும் டெர்மினல் சர்வர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் பிரிட்ஜ் தேவைப்படும்; ஏனெனில் லேட் நெறிமுறையில் வலை முகவரி என்பதே கிடையாது, அது ரவுட்டரைத் தாண்டாது.

கேள்வி: பிரிட்ஜ் வழியாக உள்நுழைய முடிகிறது. ஆனால் பெரிய கோப்பை நகலெடுத்தால் தொடங்கிய உடனே நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: ஒரே ஈதர்நெட்டில் இருப்பதாக நம்பும், வேக்ஸின் இயங்குதளமான வி.எம்.எஸ். ஓடும் இரண்டு கணினிகள் 1498 பைட் வரையிலான பொட்டலங்களை அனுப்பும். இணையம் வழி அனுப்ப அதை யுடிபி உறையில் இட்டால் 1500 பைட்டைத் தாண்டிவிடுகிறது; எனவே ஐபி அதைத் துண்டாக்குகிறது, அந்தத் துண்டுகளை வீட்டு ரவுட்டர்கள் சில வீசி எறிந்துவிடுகின்றன. நீங்கள் தட்டும் எழுத்துகள் சிறு பொட்டலங்கள் என்பதால் தப்பிவிடுகின்றன. லைன் பஃபர் அளவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, குறைத்துப் பாருங்கள். ரவுட்டர் வழியாகப் போனால், எல்லா நோடுகளிலும் பஃபர் அளவு வழக்கமான 576 ஆகவே இருக்கட்டும். டெக்நெட் ரவுட்டர்கள் பொட்டலத்தைத் துண்டாக்குவதில்லை, பெரியதாக இருந்தால் கைவிட்டுவிடும்.

கேள்வி: எங்கள் இணையச் சேவையில் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. சிஸ்கோ ரவுட்டரில் ஜி.ஆர்.இ. டனல் (டெக்நெட் பொட்டலங்களை ஐபி உறையில் இட்டு இணையம் வழி அனுப்பும் முறை) அமைக்கலாமா?

பதில்: சிரமம். ஜி.ஆர்.இ.க்குப் போர்ட் எண் கிடையாது என்பதால் முகவரி மாற்றும் வீட்டு ரவுட்டர்கள் அதைக் கையாளத் தடுமாறும். எதிர்முனையில் இருப்பவரிடம் பொது முகவரி இருந்தால், டெக்நெட் ரவுட்டராக இயங்கும் பைடெக்நெட் போன்ற மென்பொருளைக் கொண்டு, டெக்நெட்டை டிசிபி வழி அனுப்பும் மல்டிநெட் இணைப்பை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து தொடங்கலாம். பழைய லினக்ஸ் டெக்நெட்டை நம்ப வேண்டாம், கெர்னல் 6.1 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: பொழுதுபோக்கு வலைதானே, பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு கவலை தேவையா?

பதில்: தேவை. 1989 அக்டோபரில் கலிலியோ விண்கலம் ஏவப்படவிருந்த நாட்களில், வேங்க் என்னும் புழு ஸ்பேன் வலையில் பரவியது. பயனர் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்த கணக்குகளும், இயல்பாகத் திறந்திருந்த, ‘டெக்நெட்’ என்றே பெயருள்ள பயனர் கணக்கும்தான் அதற்கு வழிவிட்டன. இன்று நீங்கள் நிறுவும் வி.எம்.எஸ். பழைய பதிப்பு என்றால், அதே கதவுகள் அதில் இன்னும் இருக்கலாம். இணைக்கும் முன் அந்தக் கணக்கை மூடுங்கள். டெக்நெட்டில் கடவுச்சொல் மறையாக்கமின்றியே பயணிக்கிறது. ஆகவே வேறெங்கும் பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கே இடாதீர்கள், டனலையும் மறையாக்கம் செய்யுங்கள்.

கேள்வி: பழைய மேக்கின்டாஷ் கணினிகளின் ஆப்பிள்டாக் வலைகளுக்கும் இந்தத் தொல்லைகள் உண்டா?

பதில்: எண் மோதல் அங்கும் உண்டு. ஆனால் ஆப்பிள்டாக் வலைகளை இணையம் வழி இணைக்க 1993இல் வெளியான ஏ.யு.ஆர்.பி. நெறிமுறையில், மோதும் வலை எண்களை வேறு எண்களாக மாற்றிக் காட்டும் வசதியையே சேர்த்திருக்கிறார்கள்.

கேள்வி: இணைத்த பிறகு நோடுகளின் பெயர்களை எப்படிப் பகிர்வது?

பதில்: டெக்நெட்டில் பெயர்களுக்கு மைய அகராதி இல்லை, ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ள அப்டேட் கணினிக் குழுவைச் சார்ந்து வளர்ந்த ஹெக்நெட் என்னும் பொழுதுபோக்கு டெக்நெட் வலையில் செய்வதுபோல, ஒரு நோடில் முழுப் பட்டியலையும் பேணுங்கள், மற்றவர்கள் என்.சி.பி. என்னும் டெக்நெட் நிர்வாக நிரலில் ‘காப்பி நோன் நோட்ஸ்’ கட்டளையால் அதை எடுத்துக்கொள்ளட்டும். பெயருக்கு ஆறு எழுத்துகளே இடம் என்பதால் ‘வேக்ஸ்1’ போன்ற பெயர்கள் இரு பக்கமும் இருக்கக்கூடும். நகலெடுக்கும் முன் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து ஒருமுறை கண்ணால் ஒப்பிட்டுவிடுங்கள்.