ஆபீஸ் லேப்டாப்பில் ஐபி மாற்றப் போனால் "அனுமதி இல்லை" என்கிறதே, என்ன செய்வது?

போடி ஆபீசில் நன்றாக ஓடும் லேப்டாப், ஏலத்துக்காகக் கேரளாவின் புத்தடிக்குக் கொண்டுபோனால் வைஃபை சேர்கிறது, நெட் மட்டும் வரவில்லை, மாற்றப் போனால் "அட்மினைப் பார்" என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏலக்காய்க் கடை லேப்டாப், கடவுச்சொல் அதை அமைத்துக் கொடுத்தவரிடம் மட்டும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

பூட்டு இருக்கட்டும். போடியில் பில் போடும் சாஃப்ட்வேருக்காகவோ பிரின்டருக்காகவோ 192.168.1.50 என்று நிலையான ஐபி (நெட்வொர்க்கில் கணினியின் எண் முகவரி) போட்டிருப்பார்கள். புத்தடி ரவுட்டர் 192.168.0.1 என்றால் இரண்டும் ஒட்டாது. ஒவ்வொரு தடவையும் மலை ஏறி இறங்கும்போது ஐபி மாற்றுவது வேலைக்காகாது. அட்மினை ஒரே ஒரு முறை உட்காரவைத்து ஐபி, டிஎன்எஸ் இரண்டையும் "தானாகப் பெறு" என்று மாற்றச் சொல்லுங்கள். டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தருவது) மறந்துவிடுவார்கள், அப்புறம் ஐபி சரியாக வந்தும் ஒரு தளமும் திறக்காமல் போகலாம். அதே 1.50 போடியில் வேண்டுமென்றால் போடி ரவுட்டரின் டிஹெச்சிபி (ஐபியைத் தானாகக் கொடுக்கும் வசதி) பக்கத்தில் லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அதை ஒதுக்கிவிடலாம். வைஃபைக்கும் கேபிளுக்கும் மேக் வேறு வேறு. விண்டோஸில் "ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்" (நிஜ மேக்குக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் வசதி) ஆனில் இருந்தால் ஒதுக்கியது வீண்.

அப்படியும் மாற்றும் உரிமை வேண்டும் என்றால் முழு அட்மின் கேட்காதீர்கள், எந்த முதலாளியும் தரமாட்டார், தரவும் கூடாது. "நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்" என்று விண்டோஸிலேயே ஒரு குழு உண்டு. அட்மின் கமாண்டு பிராம்ப்டில் நெட் லோக்கல்குரூப் கட்டளையால் உங்கள் பெயரை அதில் சேர்த்தால் போதும். சேர்த்ததும் லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வாருங்கள், இல்லையென்றால் பழைய உரிமைதான் இருக்கும். பிறகு செட்டிங்ஸ் ஆப் வழியாகப் போகாமல், ரன் பெட்டியில் என்சிபிஏ டாட் சிபிஎல் அடித்து நெட்வொர்க் இணைப்புகள் பக்கத்துக்குப் போங்கள்.

நீங்களே அட்மினாக இருந்தும் தெரியாமல் இருக்கலாம். கமாண்டு பிராம்ப்டில் ஹூஆம்ஐ ஸ்லாஷ் குரூப்ஸ் அடியுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் வரிசையில் "டினை ஒன்லி" என்று இருந்தால் நீங்கள் அட்மின்தான், புரோகிராமை ரைட் கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்தாலே வேலை முடிந்தது. இணைப்பின் ப்ராப்பர்டீஸ் பொத்தானே மங்கலாக இருந்தால் குரூப் பாலிசி (அட்மின் கணினிகளுக்குப் போட்டுவைக்கும் கட்டுப்பாடு) காரணமாக இருக்கலாம். எந்தப் பாலிசி என்பதை ஜிபிரிசல்ட் ஸ்லாஷ் ஆர் கட்டளை காட்டும். டொமைனில் (அலுவலக சர்வரின் கட்டுப்பாட்டில்) இருக்கும் கணினி என்றால் ரெஜிஸ்ட்ரியை நோண்டுவதில் பயனில்லை, சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பாலிசி புதுப்பிக்கப்படும், அப்போது திரும்ப வந்து உட்காரலாம்.

பென்டிரைவில் பூட் செய்து கடவுச்சொல்லை அழிப்பதைச் சொல்லவில்லையே என்று கமென்டில் வருவார்கள். தெரிந்துதான் விட்டேன். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீ இல்லாமல் டிஸ்க் திறக்காது, கணக்கு முழுவதும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு வயிற்றெரிச்சல்: எதற்கெடுத்தாலும் "ஃபார்மேட் போட்டுடலாம்ணே" என்கிற சர்வீஸ்காரர்கள். ஃபார்மேட் போட்டால் ஐபி சரியாகும். கூடவே பாமினி எழுத்துரு (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு) போய், பத்து வருஷ பில் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். அதைத் திரும்பப் போட அவருக்கே இன்னொரு காசு.

கடைசியாக ஒன்று. அட்மினாகவே நெட்ஷெல்லில் (விண்டோஸின் நெட்வொர்க் கட்டளைக் கருவி) ஐபி ரீசெட் கொடுத்தும் ஒரு வரியில் மட்டும் "ஆக்சஸ் டினைட்" வந்தால், ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல், என்எஸ்ஐ கிளைக்குள் இபி004ஏ00 என்று தொடங்கும் கீயில் 26 என்ற உட்கீயின் அனுமதிதான் தடுக்கிறது. அதற்கு முழு அனுமதி கொடுத்து, ரீசெட்டைத் திரும்ப ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.