தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். ஜப்பான்காரன் பர்மாவுக்கு வருவதற்கு முன்பு, மோல்மேனில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான் ஏலத்தில் என் தாத்தா ஓர் அலமாரி எடுத்தார். அதற்குள் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. முதல் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டதால் தலைப்பும் இல்லை, ஆண்டும் இல்லை. ஆங்கிலம் போலத்தான் இருக்கிறது, ஆனால் கண்ட இடத்திலெல்லாம் எஃப் எழுத்து வருகிறது. முந்நூறு வருஷப் பழசு என்கிறார் என் சித்தப்பா. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. படிக்காமலே இதன் வயதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, தட்டோன்

பதில்: முடியும் அம்மா. சொல்லப்போனால் படிக்கத் தெரியாதது இந்த வேலைக்கு ஒரு வசதிதான். படிக்கத் தெரிந்தவர்கள் நேராக விஷயத்துக்குள் போய்விடுவார்கள், தாளைப் பார்க்கவே மாட்டார்கள்.

நடுவிலிருந்து ஒரு தாளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புத்தகத்தை முழுக்க விரித்து முதுகை உடைத்துவிடாமல், பாதி திறந்தால் போதும். நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓர் அங்குலம் தள்ளித் தள்ளி வேறு கோடுகளும் தெரிகின்றனவா? கந்தல் துணியை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, கம்பி கட்டிய சட்டத்தில் அள்ளி ஒவ்வொரு தாளாகக் கையால் செய்த காலத்தின் தடம் அது. கம்பி இருந்த இடத்தில் கூழ் மெலிந்து படியும், அதுதான் கோடு. சட்டத்திலேயே கம்பியை வளைத்து ஒரு கிரீடமோ திராட்சைக் கொத்தோ கட்டி வைப்பார்கள், அது நீர்க்குறியாக விழும். 1794-க்குப் பிறகு செய்த இங்கிலாந்துத் தாள் பலவற்றில் ஆண்டையே நீர்க்குறியாகப் பார்க்கலாம். கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்: புத்தகம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்கவே முடியாது.

அப்புறம், தாளை எத்தனை தரம் மடித்துப் புத்தகமாக்கினார்கள் என்று தெரிய, ஓர் அங்குலம் தள்ளித் தள்ளி வரும் அந்தக் கோடு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பெரிய தாளை ஒரு தரம் மடித்திருந்தால் 2 ஏடு, கோடு செங்குத்தாக நிற்கும், நீர்க்குறி ஏட்டின் நடுவில் இருக்கும். இரண்டு தரம் மடித்தால் 4 ஏடு, கோடு படுத்துவிடும், நீர்க்குறி தையலுக்குள் பாதி மறைந்துவிடும். மூன்று தரமென்றால் 8 ஏடு, கோடு மறுபடி நிமிர்ந்துவிடும், நீர்க்குறியோ தையலை ஒட்டி மேல் மூலைக்குப் போய்விடும். நம்பாவிட்டால் ஒரு நியூஸ் பேப்பரில் கோடு போட்டு மடித்துப் பாருங்கள், நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

சில பக்கங்களின் அடியில் ஏ, ஏ2, ஏ3, பிறகு பி, பி2 என்று இருக்கும். அது வாசகனுக்கு இல்லை, பைண்டருக்கு. மடித்த தாள்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று அவருக்குச் சொல்வது. பக்கத்தின் கடைசியில் ஒரே ஒரு சொல் தனியாகத் தொங்கினால் அது அடுத்த பக்கத்தின் முதல் சொல், அதுவும் வரிசை தவறாமல் இருக்கத்தான்.

உங்கள் எஃப் உண்மையில் எஃப் இல்லை, பழைய பாணி எஸ். ஆங்கில அச்சில் அது 1800-ஐ ஒட்டி வழக்கொழிந்தது. ஆகவே உங்கள் புத்தகம் அதற்கு முந்தியது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் முந்நூறு என்று சித்தப்பா அடித்துச் சொல்வதை இப்போதைக்கு ஏற்க வேண்டாம். தாளில் கோடே தெரியாமல் வழவழவென்று இருந்தால் அது 1757-க்குப் பிந்தியது என்றுதான் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் அந்த வகைத் தாளில் பாஸ்கர்வில் என்ற அச்சுக்காரர் புத்தகம் போட்டது அந்த ஆண்டில்தான்.

இன்னொன்று. தாத்தாவின் பேரேடு ஏதாவது வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொண்ணூறு வருஷப் பேரேடு அப்பளம் போல ஒடியும், அதைவிட நூறு வருஷத்துக்கு மேல் மூத்த புத்தகம் துணி போல வளையும். ஒன்று மரக்கூழ், மற்றது கந்தல்.

தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள், பைண்டரிடம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். பாட்டியின் பழைய பாட்டுப் புத்தகத்தை அழகாகத்தான் கட்டிக் கொடுத்தார், ஆனால் ஓரத்தைச் சமமாக வெட்டிவிட்டார், பாட்டி ஓரத்தில் எழுதி வைத்திருந்ததெல்லாம் பாதி பாதியாக நிற்கிறது. கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள், பருத்தித் துணியில் சுற்றிச் சுவரை ஒட்டாமல் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை நிழலில் காற்றுப்படட்டும்.

கேள்வி: எல்லாப் பழைய நூலும் போனிலேயே படமாகக் கிடைக்கிறதே, அசலைத் தொட்டுப் பார்த்தால்தான் ஆச்சா?
– மாணவர், யாங்கூன்

பதில்: படிக்க மட்டும் என்றால் போன் போதும் தம்பி, நானும் அதில்தான் படிக்கிறேன். ஆனால் போனில் எல்லாப் புத்தகமும் ஒரே அளவு, அங்கேதான் ஏமாந்துபோகிறோம். தரங்கம்பாடியை எடுத்துக்கொள். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-இல் வந்த தமிழ் ஈய எழுத்துகள் பெரிய பெரியதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் கைவசம் இருந்த தாள் போதவே போதாது. அதனால் சீகன்பால்கு என்ற பாதிரியாரும் கூட இருந்தவர்களும் அங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள் (பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு), 1715-இல் புத்தகம் முடிந்தது. தாளுக்காகப் பொறையாரில் ஓர் ஆலையே வைத்தார்கள். இந்தப் பாடெல்லாம் எழுத்தின் அளவில் இருக்கிறது, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

அதோடு கை அச்சில் ஒரு பிரதி போல இன்னொன்று இருக்காது. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை கண்ணில் பட்டால் நிறுத்தித் திருத்துவார்கள், ஆனால் அதுவரை அடித்த தாளை யார் தூக்கிப் போடுவது, அவ்வளவு விலை. அதுவும் புத்தகத்தில் சேர்ந்துவிடும். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623-ஆம் ஆண்டுத் தொகுப்பு வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் மட்டும் 82 பிரதி இருக்கிறது. ஹின்மன் என்ற அறிஞர் அவற்றில் பலவற்றைப் பக்கம் பக்கமாக ஒப்பிட, இரண்டு பிரதியை ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டும் கருவி ஒன்றையே செய்தார். வித்தியாசமான இடம் கண்ணுக்கு மினுக்கும். நீ போனில் பார்ப்பது ஏதோ ஒரு பிரதியை.

கேள்வி: தமிழில் முதல் அச்சு நூல் எது? பர்மிய எழுத்தில்?
– வாசகர், பெகு

பதில்: தமிழ் எழுத்திலே என்றால் 1578-இல் கொல்லத்தில் அடித்த ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கம். அதற்கு முன்பே 1554-இல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் வந்தது, ஆனால் ரோமன் எழுத்தில். பழைய தமிழ் அச்சை எங்காவது பார்த்தால் மெய்யெழுத்தின் தலையில் புள்ளியைத் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது, ஓலையில் எழுதிய பழக்கம். பர்மிய எழுத்து 1776-இல் ரோமாபுரியில் அச்சேறியது. ரங்கூனுக்கு அச்சுப்பொறி வந்தது 1816-இல், வங்காளத்துச் செராம்பூரிலிருந்து கப்பலில்.