விற்கும் இசையும் சொந்த இசையும்

கேள்வி: காணொளிகளுக்கான பின்னணி இசையை உருவாக்கி இணையத்தில் உரிமம் அளித்து விற்கிறேன். உகுலேலே (நான்கு தந்திகள் கொண்ட சிறிய கிட்டார் போன்ற கருவி), கைதட்டல் என்று எல்லோரும் செய்வதைச் செய்தால் விற்கிறது; மனத்துக்குப் பிடித்ததைச் செய்தால் யாரும் சீந்துவதில்லை. எதை விடுவது?

பதில்: இரண்டில் எதையும் விட வேண்டியதில்லை. வாங்குபவர் உங்கள் இசையைப் பெரும்பாலும் பேசும் குரலுக்கு அடியில் வைப்பதற்காகவே வாங்குகிறார். ஆகவே வழக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டிய இடம் வடிவம்: சில நொடிகளிலேயே மனநிலை புலப்பட வேண்டும், பகுதிகள் வெட்டி ஒட்ட வசதியாகப் பிரிந்திருக்க வேண்டும், முடிவு தேய்ந்து மறையாமல் தெளிவாக நிற்க வேண்டும், முழு வடிவத்தோடு 60, 30, 15 நொடி வடிவங்களையும் தந்தால் விளம்பரம் செய்வோருக்குப் பேருதவி.

உங்கள் தனித்தன்மை ஒலியின் நிறத்தில் இருக்கட்டும். வழக்கமான சுரக்கூட்டு (கார்டு) வரிசையையே வைத்துக்கொண்டு, ஆயத்த ஒலிக்குப் பதிலாக, மர மேசையில் விரலால் தட்டி நீங்களே பதிவு செய்த தாளத்தைச் சேர்த்துப் பாருங்கள். கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் வேறுபாடு தெரியும். ஆயத்த ஒலித்துணுக்குகளை அப்படியே அடுக்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதே துணுக்கு வேறொருவர் பாடலிலும் இருந்தால், பதிப்புரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டறியும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பு தவறாக உரிமை கோரக்கூடும், அல்லல்படுபவர் உங்களிடம் வாங்கியவர்.

பிடித்த இசை விற்காததற்குப் பல வேளைகளில் அதன் பெயரும் குறிச்சொற்களுமே காரணம். "நம்பிக்கை", "மெதுவான பியானோ" என்று தேடுபவரின் கண்ணில் "என் மூன்றாம் கனவு" படாது. முதலில் அச்சொற்களைச் சேர்த்துவிட்டு, சில மாதங்கள் பொறுத்துப் பாருங்கள்.