நாமினி பாட்டி, பாட்டியும் இல்லை: அப்பாவின் டெபாசிட்டை எடுப்பது எப்படி?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். பீன்யாவில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்த என் அப்பா (54) மூன்று மாதம் முன்பு மாரடைப்பில் திடீரென்று இறந்துவிட்டார். ஒரு வணிக வங்கியில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 1.8 லட்சம் இருக்கிறது, நாமினி அம்மா. அங்கேயே 7 லட்சம் பிக்சட் டெபாசிட் இருக்கிறது, அதற்கு நாமினி அப்பாவைப் பெற்ற பாட்டி. பாட்டி 2016-லேயே காலமாகிவிட்டார். "கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வாருங்கள்" என்கிறார்கள். வெளியே ஒரு ஏஜென்ட், 45,000 கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பாவின் ஏ.டி.எம். கார்டில் 40,000 எடுத்தேன், அது குற்றமா? கல்யாணமாகி ஓசூரில் இருக்கும் தங்கையிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமா?

பதில்: தம்பி, முதலில் அந்த ஏஜென்ட்டை அனுப்பிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

சினிமாவில் அப்பா இறந்தால் மாலை போட்ட படத்தைக் காட்டுவார்கள், அம்மா அழுவார், அடுத்த காட்சியில் அண்ணன் தம்பி சண்டை. நடுவில் ஜெராக்ஸ் கடை வாசலில் இறப்புச் சான்றிதழைப் பத்து காப்பி எடுத்துக்கொண்டு நிற்கும் மகனை ஒருவரும் படம் பிடிப்பதில்லை. முப்பது வருடம் வங்கியில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து அந்த மகன்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

சேமிப்புக் கணக்கில் சிக்கலே இல்லை. நாமினி உயிரோடு இருக்கிறார். இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், கிளையில் கிடைக்கும் உரிமை கோரும் படிவம், அவ்வளவுதான். இதற்குக் கோர்ட் சான்று கேட்பது தவறு.

இப்போது டெபாசிட்டுக்கு வருவோம். உங்கள் அப்பா செய்தது அந்தத் தலைமுறையில் எல்லோரும் செய்ததுதான். கல்யாணத்துக்கு முன்பு தன் அம்மா பெயரைப் போட்டிருப்பார், டெபாசிட்டைப் புதுப்பிக்கும் போதெல்லாம் அதே பெயர் தொடர்ந்து வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை, அவரும் மாற்றவில்லை. நாமினி முன்பே இறந்துவிட்டால் அந்த நியமனம் செல்லாது. பாட்டியின் வாரிசு என்று சொல்லி அத்தையோ சித்தப்பாவோ பணம் கேட்க முடியாது, நாமினி என்கிற இடம் பரம்பரையாக இறங்கி வருவதில்லை. (இப்படிக் கேட்டு வந்த சித்தப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.) ஆகவே இதை நாமினியே இல்லாத கணக்காகத்தான் வங்கி எடுத்துக்கொள்ள வேண்டும். பாட்டியின் இறப்புச் சான்றிதழையும் தேடி எடுங்கள், அது இல்லாமல் இந்த வாதம் நிற்காது. அவர் இறந்தது தமிழ்நாட்டில் என்றால், அங்கே பதிவான இடத்தில்தான் வாங்க வேண்டும்.

நாமினி இல்லை என்றாலும் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது விதிகள் வெளியிட்டது. எல்லா வங்கியும் இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர 2026 மார்ச் 31 வரை கெடு வைத்தது. வணிக வங்கியில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை எளிய நடைமுறைதான். உங்கள் 7 லட்சம் வட்டியோடு சேர்ந்தாலும் 15 லட்சத்தைத் தொடாது. படிவம், இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகள், வங்கிக்கு இழப்பு வராமல் பார்த்துக்கொள்வதாக ஓர் உறுதிப் பத்திரம், பணம் வேண்டாம் என்கிற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம், அதோடு வாரிசு சான்றிதழ் (கோர்ட் தருவது இல்லை, வருவாய்த் துறை தருவது) போதும். வெளியாள் ஜாமீன் கேட்கக் கூடாது. எல்லாக் காகிதமும் கொடுத்த 15 நாளில் முடிக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும். டெபாசிட் முதிரும்வரை காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே எடுப்பதற்கு அபராதமும் பிடிக்கக் கூடாது.

விதி இப்படி இருந்தும் கவுண்டரில் ஏன் கோர்ட் என்கிறார்கள்? பயம். தப்பாகக் கொடுத்துவிட்டால் பென்ஷனில் கை வைப்பார்களோ என்ற பயம். சுற்றறிக்கை மெயிலில் கிடக்கும், படிக்க நேரம் இருக்காது. "கோர்ட் சான்று" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. ஆளை இழந்த வீட்டிலிருந்து ஒரு அம்மாவை ஆறு தடவை நடக்க விடுவதில் ஒருவருக்கும் கூச்சம் இல்லை. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான், முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அப்போதே படிவத்தைத் தேட ஆரம்பிப்பார்கள். 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம், செலவு இல்லை. விவரம் கேட்க 14448.

வாரிசு சான்றிதழ் என்று நாம் சொல்வதற்கு இங்கே நாட கச்சேரியில் (கர்நாடக வருவாய்த் துறையின் உள்ளூர் அலுவலகம்) வேறு பெயர். வம்சவிருட்சம், உயிரோடிருக்கும் குடும்ப உறுப்பினர் சான்றிதழ் என்று கேளுங்கள். இங்கே தமிழர்களைத் தொடர்ந்து கடிக்கிற பாம்பு ஒன்று உண்டு, இனிஷியல். ஆதாரில் "முருகேசன் கே", பாஸ்புக்கில் "கே. முருகேசன்", கன்னடத்தில் தட்டச்சான இறப்புச் சான்றிதழில் "முருகேஷ்". மூன்றும் ஒரே ஆள் என்று வங்கி நம்பாது. ஏஜென்ட் பிழைப்பதே இதில்தான். இன்றைக்கே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பதிவாளரிடம் திருத்த மனு கொடுங்கள், சின்ன வித்தியாசத்துக்கு நோட்டரி பிரமாணப் பத்திரமே பெரும்பாலும் போதும்.

ஏஜென்ட் என்ன செய்வார்? கிளையில் இலவசமாகக் கிடைக்கிற அதே படிவத்தில் வெற்றுக் கையெழுத்து வாங்குவார். ஒருமுறை என் கவுண்டருக்கு வந்த காகிதத்தில் வாரிசுப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரே இல்லை, "கல்யாணமாகிப் போய்விட்டாள், சார்" என்றார் கொண்டு வந்தவர். அடுத்த வாரம் அந்தப் பெண் நேரில் வந்து நின்றார். பொய்ப் பட்டியலில் இருந்த கையெழுத்து அண்ணனுடையது, ஏஜென்ட்டைக் காணோம்.

ஆகவே தங்கை கையெழுத்து வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். அப்பா சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே சம பங்கு, கல்யாணம் அதை மாற்றாது. 2005 திருத்தம் பூர்வீகச் சொத்தைப் பற்றியது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் அம்மா, நீங்கள், தங்கை, மூன்று பங்கு. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் நான்கு. அம்மா நாமினியாக வாங்கும் 1.8 லட்சமும் மூன்று பேருக்கும் உரியதுதான், நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கும் கை மட்டுமே. தங்கை விட்டுக்கொடுத்தால் சந்தோஷம், ஆனால் விட்டுக்கொடுப்பது அவர் முடிவு. காரிய வீட்டில் அழுதுகொண்டிருக்கும்போது விடுதலைப் பத்திரத்தை நீட்டாதீர்கள்.

கார்டு விஷயம். அப்பா போன நிமிடத்தோடு அந்தக் கார்டைப் பயன்படுத்தும் உரிமையும் போய்விட்டது, எடுத்தது தவறுதான். பயந்து ஒளிக்க வேண்டாம். இனித் தொடாதீர்கள். காரியச் செலவு ரசீதுகளை எடுத்து வைத்து, அம்மாவிடமும் தங்கையிடமும் கணக்குக் காட்டுங்கள், அவர்கள் ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் இத்தோடு முடியும்.

கடைசியாக, பாஸ்புக்கை வரிவரியாகப் பாருங்கள். மே கடைசி, ஜூன் வாக்கில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, மாரடைப்புக்கும் 2 லட்சம் உண்டு. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக்கு மட்டும். அப்பாவுக்கு பி.எஃப். இருந்தால், அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் வரை வரலாம். இதற்கு அவர் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடித்திருக்க மாட்டார்கள், அதனால் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. கம்பெனியின் பணியாளர் பிரிவுக்கு நாளைக்கே போங்கள். அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.