டீச்சர் பயிற்சி முடித்தும் வகுப்பு நடத்தும் விதம் மாறவில்லையா?

அவரை மறுபடி பயிற்சிக்கு அனுப்பாதீர்கள் சார். வாரம் ஒரு பீரியட் நீங்களே அவர் வகுப்பில் போய் உட்காருங்கள்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சிக்குப் போய்வந்தும் உங்கள் டீச்சர் பழையபடி போர்டைப் பார்த்து எழுதத்தான் சொல்கிறார் என்கிறீர்கள். 1 முதல் 3 வரை ஒரே அறை, ஒரே டீச்சர்; பிள்ளைகளின் கற்றல் நிலையை வைத்துப் பிரித்த அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (அடுத்த நிலை), மலர் (மேல் நிலை) என்ற மூன்று குழுக்களையும் ஒருவரே சமாளிக்க வேண்டும். போதாததற்கு உங்கள் பள்ளி அவிநாசிப் பக்கம்; பனியன் கம்பெனிக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழே புதுசு.

மொட்டுக் குழுவில் நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு வரி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்துக் கூட்டவே திணறினால் குழு பிரித்ததில்தான் கோளாறு. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொரு விஷயம், நோட்டும் பேனாவுமாகப் போனால் இன்ஸ்பெக்‌ஷன் என்று நினைத்துவிடுவார். முதல் தடவை அரும்புக் குழுவை நீங்கள் எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். எமிஸ் என்ற பள்ளிக்கல்வி இணையதளத்தில் விவரம் பதிவதே டீச்சரின் பாதி நாளைத் தின்றுவிடும், அதனால் காலை முதல் பீரியடே நல்லது.