வேலூர்க் கோட்டையில் நிச்சயதார்த்தப் படம்: வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பட்டும் எடுபடுமா?

கோட்டை அகழி ஓரமாகப் படம் எடுக்கப் போவதாகவும், மாப்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, உங்களுக்குச் சிவப்புப் பட்டு என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வெள்ளையை மாற்றச் சொல்வேன். கேமராவின் தானியங்கி அளவீடு, எதிரில் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணித்தான் வெளிச்சத்தைக் கணக்கிடும். பளீர் வெள்ளை அதிக இடத்தை அடைத்துக்கொண்டால், வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கறுக்க வைத்துவிடும். முகத்துக்காகக் கூட்டினாலோ சட்டையின் மடிப்பு, பொத்தான் எல்லாம் மறைந்து வெறும் திட்டாகத் தெரியும். சந்தன நிறம் போட்டால் தொல்லை குறையும்.

பளிச்சென்ற சிவப்பும் கொஞ்சம் வம்புதான். கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரில் சிவப்பு மட்டும் சீக்கிரம் நிரம்பி வழிவதால் நெசவு தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும். அரக்குப் பட்டு என்றால் அந்தப் பயம் குறைவு. கருங்கல் சுவருக்கு முன்னால் அரக்கு, கடுகு மஞ்சள், மயில்கழுத்து நீலம் மூன்றுமே எடுபடும். சாம்பல் சட்டை சுவரோடு கலந்துவிடும். போதாக்குறைக்கு நம்மூர் வெயிலில் அக்குள் ஈரத்தையும் ஊருக்கே காட்டிக்கொடுக்கும்!

அப்புறம், பொடிக் கோடு, பொடிக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம். சென்சாரின் புள்ளி வரிசையோடு அவை மோதி, துணியில் இல்லாத அலைகள் படத்தில் நெளியும். சந்தேகமாக இருந்தால், முந்தின நாளே வெளியில் நின்று போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.